ஐந்தாம் மாடிக்கு ஏறாத வெந்நீர்

தன் தாயின் சாவுக்குக் காரணமானவனுக்குக் கிடைக்கப்போகும் தண்டனை போதாது என்று முறையிடத்தான் ஸோயா அந்த வீட்டுப் படியேறி வந்தாள். காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வெர்க்னி-யார் என்ற அந்த ரஷ்யச் சுரங்க ஊரில் ஜனவரி மாதம் அப்படி யாராவது உள்ளே வந்தால் கையில் துடைப்பத்தைத் திணிப்பார்கள். ரெம் சவேலிச் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

சுரங்க விபத்துகளை விசாரிக்கும் வேலையில் தலை நரைத்தவர் அவர். எங்கே வெடித்தது, யார் எதைத் திறந்தார்கள், எதை மூட மறந்தார்கள் என்று கண்டுபிடிப்பதே அவர் பிழைப்பாக இருந்தது. சுரங்கம் மூடப்பட்டுப் பாதி ஊர் காலியான பிறகும் மனிதர்கள் அவரைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். பக்கத்து வீட்டு நொன்னா நூலகத்தில் வேலை பார்ப்பவள். அங்கிருந்த துப்பறியும் நாவல்களையெல்லாம் கரைத்துக் குடித்தவள். வழக்கு வாசனை அடித்தால் தேநீர் குடிக்கும் சாக்கில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அன்றும் வந்திருந்தாள்.

ஸோயா சொன்னதை நொன்னா மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். ஸோயா எரிவாயு எடுக்கும் முகாமில் நர்ஸ். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். ஐந்து மாடிக் கட்டடத்தில் அவள் மூன்றாவது மாடி, அம்மா பொலினா நேர் மேலே ஐந்தாவது மாடியில் ஒற்றை அறை. இடையிலும் கீழேயும் இருந்த வீடுகள் பூட்டிக் கிடந்தன. பொலினாவின் முழங்கால் படிக்கட்டுக்கு ஒத்துவராததால் இலையுதிர் காலத்திலிருந்தே அவர் கீழே இறங்கியதில்லை.

ஸோயா திங்கட்கிழமை முகாமுக்குப் போனாள். சனிக்கிழமை கட்டடத்தின் மேலாளர் அல்பினா கதவைத் தட்டிப் பார்த்து, திறக்காததால் உடைத்து உள்ளே போனபோது பொலினா இரண்டு கோட்டுகளைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் இறந்து கிடந்தார். வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சில்லென்று இருந்தது. மின்சார அடுப்பைப் போட்டு அறையைச் சூடாக்கப் பார்த்திருக்கிறார், ஃபியூஸ் போயிருந்தது. பலவீனமான இதயம், குளிர் தாங்கவில்லை என்றார் டாக்டர்.

குழாய்ப் பணியாளன் யெஃபிம் மறுநாளே போலீசுக்குப் போய் ஒப்புக்கொண்டான். பழுது பார்க்க அடித்தளத்தில் வால்வை மூடியவன் திறக்க மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தான்.

"மறந்தானாம்," என்றாள் ஸோயா. "அவன் குடிச்சிட்டு வேலைக்கு வர்றான்னு எங்கம்மா எல்லார் முன்னாடியும் அவனைத் திட்டினாங்க. புதன்கிழமை நான் முகாம்லேர்ந்து போன் பண்ணேன். 'ரூம் கொதிக்குதுடி, ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன்'னு அம்மா சொன்னாங்க. வியாழக்கிழமை அவன் அடித்தளத்துக்குள்ள போனதைப் பாத்தவங்க இருக்காங்க. புதன் வரைக்கும் சூடு இருந்துச்சு, வியாழன் போயிடுச்சு. வேணும்னே பண்ணான். அதை நிரூபிச்சுக் குடுங்க. கவனக்குறைவுன்னா ஆறு மாசத்துல வெளிய வந்துருவான். அவன் வருஷக்கணக்கா உள்ள கிடக்கணும்."

"நான் தேடினா என்ன கிடைக்குதோ அதைத்தான் சொல்லுவேன்," என்றார் ரெம். "நீ கேக்குறது கிடைக்கும்னு சொல்ல முடியாது."

"கிடைக்கும். திங்கட்கிழமை அரசு வழக்கறிஞர் முடிவெடுக்குறதுக்குள்ள வேணும்."

அவள் போனதும் நொன்னா தேநீரைக்கூட முடிக்காமல் எழுந்தாள். யெஃபிம் செய்த வேலைதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ரெம் நிதானமாகக் கம்பளித் தொப்பியின் காதுகளை இழுத்துக் கட்டிக்கொண்டார். அவருடைய அவசரமின்மை அவளுக்கு எப்போதுமே எரிச்சல்தான்.

முதலில் அடித்தளம். ஊர்க் கொதிகலன் நிலையத்திலிருந்து வரும் தடித்த குழாய் அங்கே பல கிளைகளாகப் பிரிந்து ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் மேலே ஏறியது. பொலினாவின் வரிசைக் குழாயில் வால்வுக்குக் கீழே கை வைக்க முடியாத சூடு. வால்வைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சூடு செத்துவிட்டது. திரும்பி இறங்கும் குழாயும் குளிர்ந்திருந்தது.

"மூடித்தான் இருக்கு," என்றாள் நொன்னா. போலீஸ்காரரும் இதே இடத்தில் நின்று இதையே சொல்லியிருந்தார்.

ரெம் மண்டியிட்டு டார்ச்சை வால்வின் கழுத்தருகே பிடித்தார். சக்கரம், தண்டு, தண்டு நுழையும் திருகு எல்லாவற்றின் மேலும் ஒரே பூச்சாகப் பச்சைப் பெயின்ட். பல வருஷத்துப் பெயின்ட் அடுக்கடுக்காக ஏறி, தண்டையும் திருகையும் ஒட்ட வைத்திருந்தது. அதில் ஒரு மயிரிழைக் கீறல்கூட இல்லை.

"திருகினா இது உடைஞ்சிருக்கும்," என்றார். "கடைசியா பெயின்ட் அடிச்ச நாள்லேர்ந்து இதை யாரும் தொடலை. திறந்தபடியேதான் இருக்கு."

நொன்னா குனிந்து பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். அப்படியென்றால் யெஃபிம் செய்யாத காரியத்தைச் செய்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறான். வேறு பெரிய குற்றம் ஏதோ ஒன்றை மறைக்கிறான் என்று அவள் உடனே முடிவு கட்டினாள். நடந்துகொண்டே கற்பனையில் விஷம் வரைக்கும் போய்விட்டாள்.

அல்பினா அலுவலகத்தில் அழுத கண்களோடு உட்கார்ந்திருந்தாள். பொலினா போன் செய்தது உண்டா என்று ரெம் கேட்டார். உண்டாம். செவ்வாய்க்கிழமை காலை, ரேடியேட்டர் சில்லென்று கிடக்கிறது என்று சொன்னாராம். யெஃபிமிடம் சொல்லியாயிற்று, குழாயில் காற்று அடைத்துத் தண்ணீர் ஏறாமல் இருக்கும், வந்து பார்ப்பான் என்று இவள் ஆறுதல் சொல்லி வைத்துவிட்டாளாம். செவ்வாய்தானா என்று ரெம் அழுத்திக் கேட்டார். அன்றுதான் என் மகனுக்குப் பிறந்தநாள், அடுப்பில் கேக்கை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன், எப்படி மறக்கும் என்றாள் அல்பினா.

வெளியே வந்ததும் நொன்னாவுக்குக் குழப்பம். செவ்வாய்க்கிழமை குளிர்கிறது என்று மேலாளரிடம் புகார் சொன்னவர், புதன்கிழமை மகளிடம் கொதிக்கிறது என்று சொல்வானேன்?

"மகள் வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடக் கூடாதுன்னுதான்," என்றார் ரெம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

யெஃபிம் தன் வீட்டில் உப்பிட்ட மீனை நறுக்கி வைத்துவிட்டுத் தின்னாமல் உட்கார்ந்திருந்தான். சில நாளாகக் குடியைத் தொடவில்லை என்பது கை நடுக்கத்தில் தெரிந்தது. பெயின்ட்டைப் பற்றி ரெம் சொன்னதும் முகம் வெளுத்தது.

"நான்தான் செஞ்சேன். எழுதிக் குடுத்துட்டேன். விடுங்க."

"நீ செய்யலை. யாருக்காக ஜெயிலுக்குப் போறே?"

"பொலினாம்மா என்னைத் திட்டினாங்க. சரியாத்தான் திட்டினாங்க. வியாழக்கிழமை அடித்தளத்துல குழாயைத் தொட்டேன், சூடா இருந்துச்சு. மேல காத்து அடைச்சிருக்கும், நாளைக்குப் போய்த் திறந்துவிடலாம்னு நினைச்சேன். நாளைக்குப் போகலை. குடிச்சிட்டேன். அஞ்சு மாடி ஏறலை, ரெம் சவேலிச். இது போதாதா எனக்கு?"

"உனக்குப் போதும். ஆனா குழாயை மூடினது அது இல்லையே," என்றார் ரெம். யெஃபிம் மீன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டான்.

அம்மா இறந்த ஒன்பதாம் நாள் சாப்பாட்டுக்கு ஸோயா அவர்களை அழைத்திருந்தாள். இறந்தவருக்காக ஒரு கோப்பை வோட்காவின் மேல் கறுப்பு ரொட்டித் துண்டு வைக்கப்பட்டிருந்தது. நொன்னா பாத்திரம் கழுவ உதவும் சாக்கில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இரண்டு ஒற்றை அறைகளை வாங்கிச் சுவரை உடைத்து ஒன்றாக்கிய வீடு, அறைக்கு ஒரு வெந்நீர்க் குழாய். விருந்து நடந்த அறை இதமாக இருந்தது; முகாமிலிருந்து திரும்பியதிலிருந்து ஸோயா படுப்பதும் அங்கேதான். உள்ளறையில் படுக்கை, புதிய சுவர்க் காகிதம், ஜன்னலடியில் பளபளக்கும் வெள்ளை ரேடியேட்டர். அதன் மூட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பேசின், அதில் காய்ந்துபோன துருவளையம். ஜன்னல் மேடையில் ஒரு பெரணிச் செடி கருத்துத் தொங்கியது. துக்க வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்குத் தோன்றும் என்று நொன்னா நினைத்துக்கொண்டாள். ரெம் வாசலில் நின்று அந்தப் பேசினையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரேடியேட்டர் எப்போ மாத்தினது?" என்று கேட்டார்.

முதல் பனிக்கு முன்னால் என்றாள் ஸோயா. "பழசு அசிங்கமா இருந்துச்சு. புதுசு புத்தாண்டுலேர்ந்து கொஞ்சம் ஒழுகுது. நான் முகாமுக்குப் போறப்போ எல்லாத்தையும் மூடிட்டுத்தான் போவேன். கேஸ், தண்ணி, இந்தத் தடவை இதையும். போன வருஷம் பக்கத்துக் கட்டடத்துல ஒருத்தி ஊருக்குப் போயிருந்தப்போ வெந்நீர் கொட்டி மூணு மாடி நாசமாச்சு."

கவனமுள்ள பெண் என்று நொன்னா பாராட்டினாள். ரெம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடு திரும்பும்போது வழக்கை விட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். நொன்னா அவரிடமிருந்து அப்படி ஒரு சொல்லைக் கேட்டதே இல்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "விட்டா ஒரு அப்பாவி உள்ள போவான்," என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸோயாவின் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். அல்பினா, ரெம், நொன்னா, கதவோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு யெஃபிம். அவனை உள்ளே விட ஸோயாவுக்கு மனமில்லை. ரெம் கேட்டுக்கொண்டதால் விட்டாள்.

"யெஃபிம் அடித்தள வால்வைத் தொடலை," என்று ரெம் ஆரம்பித்தார். பெயின்ட்டைப் பற்றிச் சொன்னார். "சூடு போனது வியாழக்கிழமை இல்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே பொலினா புகார் சொல்லிட்டாங்க. புதன்கிழமை உன்கிட்டச் சொன்னது நீ நிம்மதியா இருக்கறதுக்காக. அப்போ வெந்நீர் நின்னது திங்கட்கிழமை. அடித்தளத்துல நிக்கலை. அஞ்சாவது மாடிக்குப் போறதுக்கு முன்னாடி வழியில எங்கயோ நின்னிருக்கு."

"வழியில எல்லாம் பூட்டின வீடுதானே," என்றாள் ஸோயா.

ரெம் மெல்லச் சொன்னார். "இந்தக் கட்டடத்துல ஒரு வரிசைக்கு ஒரே குழாய். கீழ் வீட்டு ரேடியேட்டருக்குள்ள நுழைஞ்சு வெளிய வர்ற தண்ணிதான் மேல் வீட்டுக்குப் போகும். அதனால ஒவ்வொரு ரேடியேட்டர் பக்கத்துலயும் நுழையிற குழாயையும் வெளிய வர்ற குழாயையும் இணைச்சு ஒரு சின்னச் சுற்றுக்குழாய் வெச்சிருப்பாங்க. ஒருத்தர் தன் ரேடியேட்டரை மூடினாலும் தண்ணி அதைச் சுத்திக்கிட்டு மேல போயிடும். புதுசு மாட்டுறப்போ பார்க்க அழகா இல்லைன்னு அதை வெட்டி எடுத்துட்டா, அப்புறம் அங்க வால்வை மூடறதும் மொத்த வரிசையையும் மூடறதும் ஒண்ணுதான்."

நொன்னாவுக்கு அப்போதுதான் பேசின் புரிந்தது. ஒழுகும் ரேடியேட்டரின் அடியில் பேசின் ஏன் காய்ந்து கிடக்கிறது, குளிரில் செடி ஏன் கருகியது என்று அவள் ஒரு நிமிடமாவது கேட்டிருக்க வேண்டும். கண்டுபிடித்த மகிழ்ச்சி என்று அவள் நாவல்களில் படித்தது எதுவும் அங்கே இல்லை. ரெம் வாயை மூடிக்கொண்டால் நன்றாக இருக்குமே என்றுதான் நினைத்தாள்.

ஸோயா எழுந்து உள்ளறைக்குப் போனாள். எல்லோரும் வாசலில் நின்றார்கள். அவள் மண்டியிட்டு வெள்ளை ரேடியேட்டரின் வால்வைப் பார்த்தாள். திங்கட்கிழமை தான் மூடியபடியே இருந்த அதைத் தன் கையாலேயே திருப்பினாள். குழாய்க்குள் ஏதோ கரகரத்தது. பிறகு தண்ணீர் ஓடும் ஓசை மேல்நோக்கிப் போனது. அவள் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சூடேறிக் கை பொறுக்காத பிறகும் விடவில்லை. யெஃபிம்தான் ஓடிப்போய் அவள் விரல்களைப் பிரித்தெடுத்தான்.

"உனக்குத் தெரியும்," என்றாள் அவனிடம்.

"நான்தானே மாட்டினேன்," என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். "ஆபீசுக்குத் தெரியாம மாட்டினேன். சுற்றுக்குழாய் வேணாம்னு நீ சொன்னே, நானும் சோம்பேறித்தனமா சரின்னேன். ஒழுகினா மூடிக்கோன்னும் நான்தான் சொன்னேன். அவங்க செத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அம்மாவைத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறவகிட்ட எப்படிச் சொல்றது? ஆறு மாசம்தானே, நான் போயிட்டு வந்துடலாம்னு பார்த்தேன்."

ஸோயா அவனை அடிப்பாள் என்று நொன்னா பயந்தாள். அவள் அடிக்கவில்லை. அல்பினா அவள் விரல்களுக்கு வெண்ணெய் தடவினாள்.

திங்கட்கிழமை அரசு வழக்கறிஞரிடம் ஸோயாவே போனாள். ரெம்மும் நொன்னாவும் துணைக்குப் போனார்கள். யெஃபிமை விட்டுவிடுங்கள், என் கையால்தான் நடந்தது, எனக்கு எத்தனை வருஷம் என்று கேட்டாள். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். அனுமதி இல்லாமல் ரேடியேட்டர் மாட்டிய யெஃபிமுக்கு அபராதமும் வேலை நீக்கமும் உண்டு என்றார். அவளைப் பொறுத்தவரை, சொந்த வீட்டில் சொந்த வால்வை மூடுவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை, தெரியாமல் நடந்த விஷயம், வழக்குப் போட முகாந்திரமே இல்லை என்றார். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று எழுந்து நின்று கை கொடுத்தார்.

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. ஸோயா படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். கட்டுப் போட்ட கைகளைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"அவனா இருந்தா வருஷக்கணக்கா உள்ள போடணும்னு கேட்டேன்," என்றாள். "எனக்கு ஒரு நாள்கூடக் குடுக்க மாட்டேங்கறாங்களே, ரெம் சவேலிச். இப்போ நான் எங்க போவேன்?"

எத்தனையோ சாவுகளுக்குக் காரணம் சொன்ன அந்த மனிதர் தன் கையுறைகளைக் கழற்றி அவள் கட்டுகளின் மேல் மெதுவாக மாட்டிவிட்டார். பிறகு நொன்னா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.