குறையுள்ளவர்கள் வரலாம்

மழை சற்று விட்டிருந்த மதியம், சிலோயே தீவுக் கோட்டைக்கு எதிரே, புது ஆளுநர் வரவேண்டிய கப்பல் நங்கூரம் போட்டது. ஆளுநர் கஸ்பாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினோரு வருடம்! பேச்சுத்துணைக்கு நாதியில்லாமல், உருளைக்கிழங்கையும் உப்புமீனையும் தனியாகத் தின்று தின்று, ஸ்பெயினில், பாம்ப்லோனா ஊரில் விட்டுவந்த மகளின் முகமே மறந்துபோயிருந்தது. பாவம் மனிதர்.

அவர் மேலங்கியை மாட்டுவதற்குள் புது ஆளுநர் மாடியேறி வந்துவிட்டார். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அறையெங்கும் பாசி நாற்றம்.

"கரையேறுறப்ப அலை அடிச்சிடுச்சா? இந்தக் கடலுக்கு மரியாதையே தெரியாதுங்க," என்று கஸ்பார் சிரித்தார்.

வந்தவர் சிரிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

கஸ்பார் முறைப்படி குனிந்து அதிகாரக் கோலைக் கொடுத்தார். அந்த விரல்கள் பட்ட இடம் மரத்துப்போனது.

இனி ஒன்றுதான் பாக்கி. பதவி விட்டவர்மேல் குறையுள்ளவர்களைத் தமுக்கடித்துக் கூப்பிட்டு, புதியவர் விசாரிக்க வேண்டும். அது முடியாமல் பழையவர் கப்பலேறக் கூடாது. ஸ்பெயின் மன்னரின் சட்டம் அது.

"உங்க மேல குறை சொல்ல யாராச்சும் இருக்காங்களா?"

கஸ்பார் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். தம்மை ஊருக்கு அனுப்பச் சொல்லி மன்னருக்குத் தாம் எழுதிய மனுவைக் கையில் திணித்து, 'வேண்டாம் பிரபு' என்று கெஞ்சிய ஆறு சிப்பாய்களைப் புயலில் படகேற்றியவர் அவர். ஒருவனும் திரும்பவில்லை.

"யாருமில்லைங்க."

"கூப்பிட்டுப் பார்ப்போம்."

கீழே கதவு தட்டப்பட்டது. கஸ்பார் இறங்கிப்போனார். கப்பல் தலைவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"மன்னிக்கணும் பிரபு. உங்க இடத்துக்கு வந்தவரு வழியிலேயே காய்ச்சல்ல போயிட்டாரு. கடல்லதான் இறக்கினோம். அடுத்த ஆளு வர்ற வரைக்கும் நீங்க இங்கதான்..."

"அப்போ மேல..."

வெளியே தமுக்குச் சத்தம். அறிவிப்புக்காரன் ததேயோ தொண்டை கிழியக் கத்தினான்.

"கஸ்பார் பிரபு மேல குறையுள்ளவங்க எல்லாரும் வரலாம்!"

"யாருடா உன்னைக் கத்தச் சொன்னது?"

"நீங்கதானே பிரபு, இப்ப மாடி ஜன்னல்லேர்ந்து கோலை ஆட்டினீங்க?"

கஸ்பார் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

கடற்கரையில் ஆளே இல்லை. ஈர மணலில் காலடிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்து வந்தன.

வாசலைத் தாண்டின.

அவரை உரசிக்கொண்டு படியேறின.

ஆறு பேர்.

மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"முதல் சாட்சி, பேரைச் சொல்லு."