சத்தம் குடிக்கும் அறை

வீடு காலியானதும் கூடம் பேச ஆரம்பித்துவிட்டது. ஜாஹிரா இருமினால் கூடமும் இருமியது. அவள் வாளியை நகர்த்தினால் சமையலறைச் சுவரும் கூடவே ஒன்றை நகர்த்தியது. நடு அறை மட்டும் எதையும் திருப்பித் தரவில்லை.

உத்திரமேரூரில் இருபது வருஷம் ஜவுளிக்கடை வைத்திருந்த அவள் கணவர் கிதர் முகம்மது சொல்வார்: துணி சத்தத்தைக் குடித்துவிடும், வெறும் சுவர்தான் வாங்கினதை அப்படியே திருப்பி அடிக்கும். ஆடித் தள்ளுபடி முடிந்து அலமாரிகள் காலியானால் பொய்த் தும்மல் போட்டுக் காட்டிச் சிரிப்பார். நடு அறையில் இப்போது ஒரு முழம் துணிகூட இல்லை. அவர் பதினோரு மாதம் படுத்துக் கிடந்த இரும்புக் கட்டிலும் மெத்தையும் வாசலில் நிற்கும் வண்டியில் ஏறியாகிவிட்டன.

அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு, புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவின் நான்கு மாதம் பத்து நாளும் அவள் இந்த வாசலைத் தாண்டவில்லை. அழவும் இல்லை. மனசு மரத்துக் கிடந்தது. இன்றோடு இத்தா முடிந்து, மகன் ஹாரிஸ் மானாம்பதிக்குக் கூட்டிப்போக வந்திருந்தான். இங்கிருந்து போய்விட்டால் போதும் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஜன்னல்லாம் சாத்திட்டு வாம்மா. வண்டிக்காரரு காத்துக்கினு கீறாரு," என்றான் வாசலிலிருந்து.

நடு அறை ஜன்னல்தான் பாக்கி. டெட்டால் நெடி, அதற்கடியில் கழுவியும் போகாத மூத்திர வாடை, சுவரில் ஒரு பட்டைச் சாயங்கால வெயில், கட்டில் கால்கள் தரையில் பதித்துவிட்டுப் போன நான்கு துருவட்டங்கள். கதவோரம் நின்று கை தட்டிப் பார்த்தாள். பஞ்சு மூட்டையில் அடித்ததுபோல் சத்தம் அங்கேயே செத்தது. கூடத்தில் போய்த் தட்டினாள், கூடம் தட்டியது. திரும்ப நடு அறை. இரண்டு தட்டு.

ஒன்றுமில்லை.

வாதம் வந்து பேச்சு போனபிறகு அவர் அவளைக் கூப்பிட்டது அப்படித்தான், விளங்கிய இடது கையால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு. கடைசி ராத்திரியும் தட்டினார். அவள் விழித்துத்தான் இருந்தாள். அலுப்பு. எழுந்து போகவில்லை. விடியும்போது தட்டு நின்றிருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஜன்னலைச் சாத்தினாள். கொக்கியை மாட்டினாள். திரும்பினாள்.

டங். டங்.

அவள் தட்டியதற்குப் பதில். ஆனால் கையின் சத்தம் இல்லை. இரும்பின் சத்தம். முழங்கால் உயரத்திலிருந்து.

வாசலில் உறுமிக்கொண்டிருந்த வண்டி கேட்காமல் போனது. ஹாரிஸின் குரலும் போனது. அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் காதுக்குள் கேட்டது. ஓட வேண்டும். கால் ஓடவில்லை. பழகிய பக்கம் நடந்தது.

"இதோ வந்துட்டேங்க," என்றாள்.

அவள் குரல் எந்தச் சுவரையும் தொடவில்லை.

குனிந்தாள். தரைவரை போக வேண்டிய கை நடுவில் நின்றது. துணி. ஈரம். வெதுவெதுப்பு. பழக்கத்தில் விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். அதற்கடியில், அவள் உட்கார இடம் விட்டு, விளங்காத வலது கால் மெல்ல நகர்ந்தது.