கடைசி ஆறு அளவுகள்

ஐலீன் வந்து சேர்வதற்கு முன்பே, கஸ்தூரிதான் குற்றவாளி என்று ரூபேந்திரன் முடிவு கட்டியிருந்தான்.

செனாய் தொழிற்பேட்டையில் மருந்துகளைக் குளிரில் வைத்து அனுப்பும் கிடங்கு அது. திங்கட்கிழமை அங்கிருந்து மெர்சிங்கில் ஒரு கிளினிக்குக் குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பெட்டி ஒன்று போனது. வழியில் லாரியின் குளிர்சாதனம் நின்றுவிட்டது. பெட்டிக்குள் இருந்த வெப்பமானி அரை மணிக்கு ஒருமுறை அளவெடுத்துக் கிடங்குக்கு அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. இரண்டரை மணி நேரப் பயணத்தில் ஆறு அளவுகள். அவற்றில் கடைசி மூன்றும் எட்டு டிகிரியைத் தாண்டியிருந்தன. கிடங்கின் சோதனைத் திரையில், பெட்டியைப் பயன்படுத்தக் கூடாது என்ற சிவப்பு வந்திருக்க வேண்டும். பச்சை வந்தது. பச்சை என்றதும் கிளினிக்கில் ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். சூடு பட்டால் நிறம் மாறும்படி பெட்டியில் ஒட்டியிருந்த அட்டை மாறியிருப்பதை ஒரு தாதி கவனிப்பதற்குள் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் போட்டாகிவிட்டது. பன்னிரண்டு பேருக்கும் மறுபடி போட வேண்டும்.

பச்சை கொடுத்தவர் பதிவறையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கும் கஸ்தூரி. லாரி ஓட்டியவன் அவருடைய அக்கா மகன். அவனைக் காப்பாற்றத்தான் பச்சை கொடுத்தார் என்று நம்ப மேலாளர் தங்கராஜுவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஜொகூர் பாரு தலைமை அலுவலகம் விசாரணைக்கு ஐலீனை அனுப்பியது. ஐம்பதை நெருங்கிய பெண். அதிகம் பேசமாட்டார், கையில் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது போன்ற ஒரு கோடு போட்ட நோட்டு. அவருக்குத் துணையாக இருக்கும்படி கணினிப் பிரிவிலிருந்த ரூபேந்திரனிடம் தங்கராஜு சொல்லியிருந்தார். அவனுக்கு அதில் ஏகப்பட்ட உற்சாகம். அளவுகளைப் பார்த்துச் சிவப்பா பச்சையா என்று சொல்லும் நிரலை எழுதியவனே அவன்தான்.

"ரொம்ப சிம்பிள், மேடம்," என்றான். "அளவெல்லாம் வரிசையா வரும். எந்தப் பகுதியைப் பார்க்கணும்னு இந்தக் கட்டத்துல எழுதணும். -6: ன்னு எழுதினா, கடைசியிலிருந்து ஆறு எண்ணி, அங்கேருந்து முடிவு வரைக்கும் வெட்டி எடுத்துப் பார்க்கும். அதுல ஒண்ணு எட்டைத் தாண்டினாலும் சிவப்பு."

"முன்னால இருக்கிற கழித்தல் குறி எதுக்கு?"

"கடைசியிலிருந்து எண்ணுன்னு அர்த்தம். அது இல்லாம 6: ன்னு போட்டா, முதல் ஆறை விட்டுட்டு மிச்சத்தைப் பார்க்கும்."

மெர்சிங் பெட்டியின் அளவுகளைத் திரையில் கொண்டுவந்து, -6: என்று தட்டினான். சிவப்பு வந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பார்த்தவை: 6' என்று காட்டியது.

"பார்த்தீங்களா? சிஸ்டம்ல கோளாறு இல்ல. திங்கக்கிழமைப் பதிவைப் பாருங்க. பார்த்தவை பூஜ்யம். ஒரு அளவைக்கூடப் பார்க்காம பச்சை வாங்கியிருக்காங்க. தெரியாம நடக்கிற விஷயமா இது?"

ஐலீன் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு கஸ்தூரியைக் கூப்பிட்டார்.

கஸ்தூரி சீருடைக்கு மேல் ஒரு பழைய குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "திங்கட்கிழமை என்ன செஞ்சீங்களோ அதையே செய்ங்க," என்றார் ஐலீன். கஸ்தூரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையில் இருந்த வழிமுறைத் தாளைத் திறந்தார். அதில் இருந்த -6: என்ற எழுத்தை அப்படியே நகல் எடுத்துக் கட்டத்தில் ஒட்டினார்.

பச்சை வந்தது. பார்த்தவை: 0.

"நான் எதையும் மாத்தல, மேடம்," என்றார் கஸ்தூரி. "தாளில இருக்கிறதைத்தான் போட்டேன். இந்தத் தம்பிதான் டிரைனிங்ல சொன்னாரு, கையால தட்டினா தப்பு வரும், காப்பி பண்ணி ஒட்டுங்கன்னு."

ஒரே பெட்டி. ஒரே எழுத்து. இரண்டு கைகளுக்கு இரண்டு பதில். ஐலீன் மணியைப் பார்த்து அதையும் எழுதிக்கொண்டார்: பத்து இருபது. கஸ்தூரியைக் காவலாளி அறையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, "ரூபன், இந்த மாசம் கஸ்தூரி சோதிச்ச எல்லாப் பெட்டியோட பதிவும் எனக்கு அச்சடிச்சு வேணும்," என்றார்.

பதிவை அச்சுக்கு அனுப்பிவிட்டு ரூபேந்திரன் தன் இடத்துக்கு வந்தான். கஸ்தூரி என்ன தந்திரம் செய்கிறார் என்று கண்டுபிடித்து ஐலீன் முன்னால் வைக்க வேண்டும் என்ற வேகம் அவனுக்கு. வழிமுறைத் தாளின் எழுத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான்.

கோடு நீளமாக இருந்தது.

விசைப்பலகையில் தட்டினால் வரும் குட்டைக் கோடு இல்லை அது. தாளைத் தயாரித்த மென்பொருள், அழகாக இருக்கட்டும் என்று தானாகவே நீளமாக்கிவிட்ட கோடு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள்.

சரி, தெரியாத எழுத்து வந்தால் நிரல் நின்று, பிழை என்று சொல்லியிருக்க வேண்டுமே? ஏன் சொல்லவில்லை?

கேள்வி மனதில் எழும்போதே பதிலும் வந்துவிட்டது. தன் நிரலைத் திறந்தான். நாற்பத்தோராவது வரி. தெரியாத எழுத்து வந்தால் அதை விட்டுவிட்டு மேலே போ. இரண்டு வருடத்துக்கு முன் வாடிக்கையாளர்கள் முன்னால் செயல்முறை காட்டியபோது, யாரோ ஓர் இடைவெளியைக் கூடுதலாகத் தட்டியதில் நிரல் நின்றுபோனது. தங்கராஜு எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினார். அன்று மத்தியானமே இந்த வரியைச் சேர்த்தான். இனி எதற்கும் நிற்காது என்று பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டான்.

நீளக் கோட்டை நிரல் தூக்கிப் போட்டுவிட்டது. மிஞ்சியது 6: மட்டும். முதல் ஆறை விட்டுவிட்டு மிச்சத்தைப் பார். மெர்சிங் பெட்டியில் இருந்ததே ஆறுதான். மிச்சம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததில் எட்டைத் தாண்டியதும் இல்லை. பச்சை.

ஐலீன் இருந்த அறை இருபதடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எழுந்தான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், காவலாளி அறை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கஸ்தூரி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவன் மறுபடி உட்கார்ந்தான்.

நீளக் கோட்டையும் குட்டைக் கோடாகவே எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தான். ஐந்து நிமிட வேலை. இனி யாருக்கும் இப்படி நடக்காது, மெதுவாக நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். புது நிரலை ஏற்றியபோது மணி பதினொன்று.

"ஏதாவது கிடைச்சதா?" என்று ஐலீன் கேட்டார்.

"இல்ல, மேடம்."

அந்த இரண்டு சொற்களைச் சொன்ன பிறகு, சாப்பாட்டு வேளையில் அவன் கேன்டீன் பக்கமே போகவில்லை.

இரண்டு மணிக்கு ஐலீன் எல்லாரையும் பதிவறைக்கு அழைத்தார். தங்கராஜு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கஸ்தூரி காலையில் செய்ததையே மறுபடி செய்தார். தாளைத் திறந்தார், எழுத்தை நகல் எடுத்தார், ஒட்டினார்.

சிவப்பு. பார்த்தவை: 6.

கஸ்தூரி திகைத்துப்போய்த் திரையையே பார்த்தார். தங்கராஜு மெதுவாகத் தலையாட்டினார். "நான் சொன்னேன்ல, மேடம். எல்லாரும் பார்க்கிறப்போ ஒழுங்கா செய்றாங்க, சிவப்பு வருது. காலையில உங்களை ஏமாத்திட்டாங்க. போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணிடலாம்."

தான் செய்த திருத்தம் அந்தப் பெண்ணின் கழுத்தைச் சுற்றி இறுகுவதை ரூபேந்திரன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போலீஸ் இருக்கட்டும்," என்றார் ஐலீன். நோட்டைப் பிரித்தார். "காலையில கஸ்தூரி கையை விட்டு நான் கண்ணை எடுக்கல. இப்பவும் அதையேதான் செஞ்சாங்க. கை மாறல. அப்ப மாறினது மெஷின்."

அச்சடித்த பதிவைத் தங்கராஜு பக்கம் நகர்த்தினார். "இது பினாங்குக்குப் போன பெட்டி. நீண்ட பயணம், மொத்தம் இருபது அளவு. கடைசி ஆறைப் பாருன்னு எழுதியிருக்கு. எத்தனையைப் பார்த்திருக்குன்னு படிங்க."

"பதினாலு," என்றார் தங்கராஜு.

"அடுத்தது பதினெட்டு அளவு. பார்த்தது பன்னிரண்டு. ஒவ்வொண்ணுலயும் ஆறு குறையுது. கடைசி ஆறைப் பார்க்க வேண்டியது, முதல் ஆறை விட்டுட்டு மிச்சத்தைப் பார்த்திருக்கு. கழித்தல் குறியைப் படிக்கவே இல்ல. தூரப் பயணத்துல மிச்சத்துக்குள்ள கடைசி ஆறும் அடங்கிடும், அதனால யாருக்கும் தெரியல. மெர்சிங் பெட்டியில மொத்தமே ஆறு. மிச்சம் எங்கேருந்து வரும்?"

"கையால தட்டினா படிக்குதே?"

ஐலீன் வழிமுறைத் தாளின் எழுத்தைத் திரையில் விரல் அளவுக்குப் பெரிதாக்கி, பக்கத்தில் விசைப்பலகையால் ஒரு கோடு தட்டினார். ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீளம்.

"தெரியாத எழுத்துன்னா தெரியலன்னு நின்னிருக்கணும். தெரிஞ்ச மாதிரி மேலே போயிருக்கு. இது கஸ்தூரி செஞ்ச தப்பில்ல." நோட்டில் ஒரு வரியைத் தொட்டார். "பத்து இருபதுக்கு இந்த மெஷினுக்கு நீளக் கோடு தெரியாது. ரெண்டு மணிக்குத் தெரியுது. மெஷின் தானா கத்துக்காது. நடுவுல காரணம் புரிஞ்ச யாரோ ஒருத்தர் சொல்லிக் கொடுத்திருக்காங்க. சொல்லிக் கொடுத்துட்டு, நம்மகிட்ட சொல்லல."

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. நோட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். தனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று ரூபேந்திரனுக்குப் புரிந்தது. அந்தக் கருணையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"நான்தான்," என்றான். "அந்த வரி நான் எழுதினது. இன்னிக்கு மாத்தினதும் நான்தான்."

தங்கராஜு கட்டியிருந்த கையை இறக்கினார்.

கஸ்தூரி கண்ணாடியைக் கழற்றினார். "எப்ப தெரியும், தம்பி?"

"பதினொரு மணிக்கு, அக்கா."

"மூணு மணி நேரம்."

"ஆமா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குளிர்ச்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "என் மக லோஷினிக்குக் கைக்குழந்தை இருக்கு. லாரி ஓட்டின அண்ணனைக் காப்பாத்த அந்தப் பிள்ளைங்க உயிரோட விளையாடினியாம்மான்னு நேத்து கேட்டா. இல்லன்னேன். அவ நம்பல. நான் இப்ப சொன்னாலும் நம்ப மாட்டா." எண்ணை அழுத்தி அவனிடம் நீட்டினார். "நீங்க சொல்லுங்க."

அவன் ஐலீனைப் பார்த்தான். அவர் நோட்டை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். போன் மூன்று முறை ஒலித்தது. மறுமுனையில் குழந்தை ஒன்று சிணுங்கியது.

"அம்மா?"

"அம்மா இல்லைங்க. நான் ரூபேந்திரன், அவங்ககூட வேலை பார்க்கிறவன். மெர்சிங் விஷயத்துல உங்கம்மா மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என்னோடது. அது தெரிஞ்சும் இன்னிக்கு அவங்களைக் காக்க வச்சுட்டு நான் சும்மா இருந்தேன்."

"பிள்ளை அழுறான், சரியா கேக்கல," என்றது அந்தக் குரல். "முதல்லேருந்து சொல்லுங்க."

அறையில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.