தொட்டில் பக்கம் சாய்ந்த நாற்றுகள்

நாற்றுகள் மறுபடியும் தொட்டில் பக்கமே சாய்ந்திருந்தன.

செடி என்றால் வெளிச்சத்தைத்தானே தேடும்? ஜன்னல் பக்கத்திலேயே இருக்க, இதுகள் இருட்டு மூலையில் தொங்கும் சாரோங் துணித் தொட்டிலைப் பார்த்து வளைந்தன. காலையில்தான் சந்திரமதி நாற்றுகள் முளைத்திருந்த பால் டின்னைத் திருப்பி வைத்திருந்தாள். எரிச்சலோடு மறுபடியும் திருப்பினாள்.

புளூபெரி விதை. அவள் கணவன் ராஜரத்தினம் சமையல் செய்த பங்களாவின் வெள்ளைக்கார அம்மா, மெர்டேக்கா என்று நாடு விடுதலையான பிறகு கப்பலேறக் காத்திருந்த மாதங்களில் கொடுத்தது. குளிரில் தூங்க வைத்தால்தான் முளைக்கும் என்றாளாம். அவனும் ஈரத்துணியில் சுற்றிப் பங்களா ஐஸ் பெட்டியில் வைத்திருந்து கொண்டுவந்தான். புளிப்பான கறுப்பு மண் வேண்டும் என்றதும், கொல்லை ரம்புத்தான் மரத்தடியில் பொலபொலவென்று கிடந்ததைச் சந்திரமதியே அள்ளி நிரப்பினாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்ததில், அவர்கள் குடியிருந்த காஜா பெராங்கில் சாயங்காலமே விளக்கேற்ற வேண்டியிருந்தது. தகரக் கூரையில் விழுந்த முதல் துளிகளின் சத்தத்துக்கு அடியில், ஈர மண் வாசனையோடு புளித்த பால் வாடையும் கலந்து வர, டின் பக்கமிருந்து ஏதோ சப்பும் ஒலி கேட்டது. கைக்குழந்தையோ தொட்டிலில் அசையாமல் தூங்கியது. சந்திரமதியின் ரவிக்கை நனைந்தது. பிள்ளை அழுதால் சுரக்கும் பால், யாருமே அழாதபோது ஏன்?

சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த ராஜரத்தினத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"மண்ணு எங்க எடுத்த?"

"ரம்புத்தான் மரத்தடியில. ஏங்க?"

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவர்களுடைய தலைச்சன் பிள்ளை மூச்சில்லாமல், நீலம் பாரித்துப் பிறந்தது. புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குச் சொல்லக்கூடாது என்பது அவன் வீட்டு வழக்கம். சொன்னால் அங்கேயே போய் நிற்பாளாம். அவளும் கேட்டதில்லை.

"அங்கதான் வச்சேன், சந்திரா. உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

ஐயோ, தெரிந்திருந்தால் அந்த மண்ணைத் தொட்டிருப்பாளா!

தொட்டிலுக்கு ஓடினாள். பிள்ளையை வாரி எடுத்தாள். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இருந்தது. போன உயிர் அவளுக்குத் திரும்பியது.

பிறகுதான் பார்த்தாள். பால் டின் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. தரையில் கறுப்பு மண், கோடாக, தொட்டில்வரை.

பிள்ளை அவள் தோளில் இருந்தது.

தொட்டில் இன்னும் கனமாகத் தொங்கியது.

சப்பும் ஒலி நின்றது. சாரோங்குக்குள் சின்னதாக ஒன்று புரண்டு, மெல்ல, அவள் பக்கம் சாய்ந்தது.