ஆறேகாலுக்கு முன்னால் ஒரு வண்டி

தாழ்வாரத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மகளின் வெள்ளைத் தாவணியை எடுக்கப் போன சாரம்மாள், அதில் கறுப்பாகத் துகள் படிந்திருப்பதைப் பார்த்தாள். உதறினால் போகவில்லை. விரலால் தேய்த்தபோது எண்ணெயோடு சேர்ந்து இழுபட்டது. அடுப்புக்கரி அப்படி இழுபடாது. இது இன்ஜின் கரி. பதினாறு வருஷம் கணவர் வேதநாயகத்தின் சட்டையில் அவள் தேய்த்துத் துவைத்த கறை.

வேதநாயகம் நீராவி இன்ஜினில் கரி வாரிப் போடும் ஃபயர்மேனாக இருந்தவர். மஞ்சள்காமாலையில் அவர் இறந்த பிறகு, ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே வயல்களுக்கு நடுவே இருந்த இந்த ரயில்வே கேட்டில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பாதையில் நீராவி இன்ஜின் ஓடுவது சித்திரையோடு நின்றுவிட்டது. இது ஐப்பசி.

மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. வாழைத்தோட்டத்தின் ஈர வாடைக்கும் நெற்பயிரின் பச்சை வாசத்துக்கும் ஊடே, சுட்ட எண்ணெயும் கரிப்புகையும் கலந்த நெடி ஒன்று மெல்ல வந்து மூக்கில் ஏறியது. அவள் கேட் அறைக்குள் போய் ஃபோனைச் சுற்றினாள்.

"சார், ஸ்டீம் இன்ஜின் ஏதும் விட்டிருக்கியளா?"

ஸ்டேஷன் மாஸ்டர் வைத்தியலிங்கம் சிரித்தார். "அதைத்தான் நிப்பாட்டியாச்சேம்மா. ஆறேகால் வரைக்கும் ஒண்ணும் கிடையாது. கேட் திறந்தே கிடக்கட்டும்."

மணி ஐந்து பத்து. வெளியே வந்து தண்டவாளத்தில் கையை வைத்தாள். மழையில் நனைந்த இரும்பு, காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரிச் சுட்டது. உள்ளங்கையில் ஒரு நடுக்கம் ஏறியது. தொலைவில், வளைவுக்கு அந்தப் பக்கம், யாரோ கரி வாரிப் போடும் சத்தம். நாலு வாரல். பிறகு ஓர் இருமல். மறுபடி நாலு வாரல்.

அந்த இருமல் அவளுக்குத் தெரியும்.

சந்தோஷப்பட வேண்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் கையைத் தண்டவாளத்திலிருந்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "ஏசப்பா" என்றாள். அப்போது ரோட்டில் டவுன் பஸ் வருவது தெரிந்தது. மகள் ஜெசி பள்ளிக்கூடம் விட்டு வருகிற பஸ்.

ஸ்டேஷனில் சொல்லாமல் கேட்டை அடைத்தால் வேலை போய்விடும். அடைத்தாள். கைப்பிடியை அவள் சுற்றச் சுற்ற, கம்பம் பஸ்ஸின் மூக்குக்கு நேராக இறங்கியது.

டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். கண்டக்டர் சுடலைக்கண்ணு இறங்கி வந்தார்.

"யக்கா, இந்நேரத்துல எந்த வண்டி? எதுக்கு அடைச்சு வச்சிருக்கிய?"

"வருதுய்யா. சத்தம் கேக்கலையா?"

"ஒரு சத்தமும் இல்லையே."

"கொஞ்சம் நில்லும். போயிரும். உள்ள வராதீரும்!"

அவர் கம்பத்துக்கு அடியில் குனிந்து நுழைந்து, தண்டவாளத்துக்கு நடுவில் போய் நின்றார். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். கையை விரித்தார். "எங்கன இருக்கு வண்டி? நீங்களே வந்து பாருங்க."

தரை அதிர்ந்தது. கேட் அறையின் ஜன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது. தண்டவாளத்து ஓரம் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் குமிழ்விட்டுக் கொதித்தது. அனல். முகத்தில் அறைகிற அனல். சாரம்மாள் கண்களை மூடிக்கொண்டாள். ஏதோ ஒன்று அவளைக் கடந்து போனது. நீளமாக. வெகு நேரம்.

பிறகு ஒன்றுமில்லை.

கண்ணைத் திறந்தாள். சுடலைக்கண்ணு அங்கேயே நின்றிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. தோளில் பை தொங்கியது. சாரம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஸ் ஜன்னலில் ஜெசியின் இரட்டைச் சடை தெரிந்தது.

"கண்டக்டரே?" என்றாள்.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

வெள்ளையாக ஆவி வந்தது. நிற்காமல் வந்தது. அதற்குப் பின்னால், நீளமாக, காதைக் கிழித்துக்கொண்டு, இன்ஜின் விசில்.

வயலில் இருந்த கொக்குகள் மொத்தமாக எழும்பின. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். அவர் வாயும் திறந்தது. அடுத்த ஜன்னலில் ஒரு கிழவர். அதற்கடுத்து, மடியில் பிள்ளையோடு ஒருத்தி. அந்தப் பிள்ளை.

ஒவ்வொரு ஜன்னலாக.

ஜெசி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த வாய் மூடவில்லை. இன்னும் திறந்தது. உள்ளே, தொண்டைக்குக் கீழே, நெருப்பு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.