பெருமூச்சு நாணயம்

ஏலக்கூடத்தின் பின்கதவு வழியாக உள்ளே நுழையும்போதே லென்ஸுக்கு மச்சான் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எந்நேரமும் கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் நாணயக்காரர்கள் வைத்த பெயர் அது. கோபம் வந்தால் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுவாள். மச்சான் என்பது அந்தப் பெண்டாட்டியின் ஒரே அண்ணன், இந்த ஏலக்கூடத்தை நடத்துகிறவர். ஐந்து வருடமாக லென்ஸை வாசல் பக்கம்கூட அண்டவிடாத மனிதர், நேற்றுத் திடீரென்று போன் செய்து, "மாப்ள, பெருமூச்சு வந்திருக்கு. நீங்கதான் பார்த்துக் கையெழுத்துப் போடணும்" என்றால் யாருக்குத்தான் உறுத்தாது?

பெருமூச்சைக் கேள்விப்படாத நாணயப் பித்தன் கிடையாது. ராணியின் முகம் பதித்த ஒரு வெள்ளிக் காசு. அச்சு வெட்டியவன் ராணியின் உதடுகளை, பெருமூச்சு விடுவதுபோல், லேசாகப் பிரித்துச் செதுக்கிவிட்டான். அவளுக்கு வந்ததே கோபம்! அடித்த காசையெல்லாம் உருக்கச் சொல்லிவிட்டாள். ஒன்றே ஒன்று தப்பியது. அச்சு வெட்டியவன் தப்பவில்லை. வாயையும் மூக்கையும் அடைத்துத்தான் அவனைக் கொன்றார்கள் என்று சேகரிப்பாளர்கள் காப்பி குடித்துக்கொண்டே கதை சொல்வார்கள்.

லென்ஸுக்கோ வேறு கவலை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு போலிக் காசை நிஜமென்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏமாந்துதான் போட்டார். ஆனால் லஞ்சம் வாங்கிக்கொண்டு போட்டதாக ஊரெல்லாம் பேசியது. அன்றைக்குப் போன பெயர் இன்னும் திரும்பவில்லை. இன்றைக்குச் சரியாகச் சொன்னால் பெயர் மீளும். மறுபடி தவறினால் அதோடு தொலைந்தது.

மேசையில், கறுப்பு வெல்வெட்டின் மேல், காசு வெறுமனே கிடந்தது.

"கூடு எங்க மச்சான்?"

"கூடு இல்லாமத்தான் வந்துது."

பரிசோதித்த காசைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் வைத்து, இயந்திரத்தில் ஒட்டி, கையெழுத்துச் சீட்டோடு மூடிவிடுவார்கள். அதைத்தான் கூடு என்பார்கள். உடைத்தால் கையெழுத்தும் செத்துவிடும். சுயபுத்தி உள்ள எவனும் உடைக்கமாட்டான், காசை மாற்ற நினைக்கிறவனைத் தவிர.

"யாரு உடைச்சாங்க?"

"போன தடவை பரிசோதிச்சவரே உடைச்சிட்டாராம். ஏன்னு சொல்லல. அதோட தொழிலையும் விட்டுட்டாராம். பாருங்க மாப்ள, நாலு மணிக்கு ஏலம்."

மச்சான் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. லென்ஸ் அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

எடை சரியாக இருந்தது. விளிம்பு சரி. ராணியின் காதுக்குக் கீழே ஓடும் மயிரிழைக் கீறலும் பழைய படங்களில் இருந்தபடியே இருந்தது. அப்படியும் மனசு ஆறவில்லை. யாராவது மெருகேற்றி ஏமாற்றியிருந்தால்? காசின் மேல் பேசக்கூடாது, தும்மக்கூடாது, எச்சில் தெறித்தால் கறை விழும் என்று மற்றவர்களை விரட்டி விரட்டித் திட்டியவர்தான் அவர். இன்றைக்குச் சந்தேகம் தலைக்கேறிப்போய், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, காசை முகத்தருகே கொண்டுபோய் ஊதினார்.

ஹா.

வெள்ளியின் மேல் ஆவி சீராகப் படிந்தது. மெருகேற்றிய காசில் திட்டுத்திட்டாகப் படியும். இது அசல்தான்.

ஆனால் ஆவி மறைந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒதுங்கி, கன்னத்தில் ஊர்ந்து, கடைசியில் ராணியின் உதட்டுப் பிளவுக்குள் போய்விட்டது.

கண் அசந்திருக்கும் என்று தலையை உதறிக்கொண்டு காசைக் கூட்டில் வைத்து மூடினார். கையெழுத்துப் போட்டார். ஐந்து வருடம் கழித்துப் போட்ட கையெழுத்து. கொஞ்சம் அழுகைகூட வந்தது. காவலாளி கூட்டை மாடிக் காட்சிக்கூடத்துக்கு எடுத்துப்போனான்.

மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. பதினாலு படிதான். நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருந்தது. மூக்கில் பல வருடம் பூட்டிக்கிடந்த அறையின் வாடை.

காட்சிக்கூடத்தில் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. ஒருவழியாக இடித்துப் புகுந்து பார்த்தார். கூட்டுக்குள் பனி படிந்திருந்தது.

உள்பக்கம்.

படிந்தது, விலகியது. படிந்தது, விலகியது.

லென்ஸ் மூச்சை அடக்கினார். பனி விலகி அப்படியே நின்றது. விட்டார். உடனே படிந்தது. மறுபடி அடக்கினார்.

நின்றது.

அவருடைய மூச்சு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. கூட்டுக்குள் இருக்கிற காற்றுதான் இனி அவருக்குக் காற்று. விரலளவுகூட இருக்காது.

கூட்டை உடைத்த அந்தப் பரிசோதகர் பைத்தியமும் இல்லை, திருடனும் இல்லை.

காவலாளியிடம் ஏதோ சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு கீழே ஓடினார். ஓடினார் என்ன, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். இடுக்கியை எடுத்தார். உடைத்தால் இந்தக் கையெழுத்தும் போகும், காசை மாற்றப் பார்த்தான் என்று பழியும் வரும். பெண்டாட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் கண் இருட்டிக்கொண்டு வந்ததே!

கூடு படக்கென்று உடைந்தது.

காற்று நெஞ்சு நிறைய வந்தது. தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி விக்கி விக்கி மூச்சு விட்டார்.

"என்னய்யா பண்றீங்க?" வாசலில் மச்சான்.

"மச்சான், அது மூச்சைப் பிடிச்சு வச்சுக்குது. கூட்டுல போடாதீங்க..."

"பேசாதீங்க." மச்சான் காசைப் பிடுங்கிக்கொண்டார். "எல்லாரும் வேணாம் வேணாம்னாங்க. எங்க மாப்பிள்ளை திருடனில்லன்னு நான் கைகால்ல விழாத குறையா கெஞ்சினேன். தங்கச்சி அஞ்சு வருஷமா அழறாளேன்னு செஞ்சேன். உங்களுக்கு இதான் புத்தியா?"

காலையிலிருந்து இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று லென்ஸை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மச்சானும் ஒரு காலத்தில் பரிசோதகராக இருந்தவர்தான். காசு மாறிவிட்டதா என்று பார்க்க அதை விளக்கடியில் பிடித்தார். எடை போட்டார். பிறகும் திருப்தி இல்லாமல் முகத்தருகே கொண்டுபோனார்.

"ஊதாதீங்க மச்சான்!"

ஹா.

அதற்குள் பின்னாலேயே ஓடிவந்த காவலாளி லென்ஸின் கையைப் பின்னால் முறுக்கிவிட்டான். மச்சான் காசைப் புதுக் கூட்டில் வைத்து மூடி, தன் கையெழுத்தையே போட்டார். அவர் மூடும்போது லென்ஸ் கத்திய கத்தலுக்குக் கட்டடமே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

நாலு மணிக்கு மேடையில் மச்சான் நின்றார். பெரிய திரையில் ராணியின் முகம் ஆளுயரத்துக்குத் தெரிந்தது. லென்ஸ் காவலாளியின் பிடியை உதறிக்கொண்டு உள்ளே பாய்ந்தபோது ஏலம் பாதி ஓடியிருந்தது.

"கூட்டை உடைங்க! அவருக்கு மூச்சு முட்டுது!"

"அந்தப் போலிக் காசு ஆளுதானே இவரு?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒருத்தராவது எழுந்து பார்த்திருப்பார். இவர் சொன்னதால் யாரும் எழவில்லை.

மச்சான் சட்டைப் பித்தானைத் தளர்த்தினார். "ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்கப்பா" என்று மைக்கில் சொன்னார். அடுத்த தொகையைச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரையில் ராணியின் முகம் மங்கியது.

"கேமரா மங்கலா இருக்கு, துடைங்க" என்று யாரோ சொன்னார்கள். படம் பிடிப்பவர் துடைத்தார். தெளியவில்லை.

லென்ஸ் மேடைக்கு ஏறி, மேசை மேலிருந்த கூட்டைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தார். அது தெறித்துக் கேமராவின் அடியில் போய் விழுந்தது. புதுக் கூடு, கீறல்கூட விழவில்லை. நாலைந்து பேர் வந்து அவரை அமுக்கினார்கள். விழுந்த இடத்திலிருந்து மச்சானின் காலைப் பற்றிக்கொண்டு, "அத்தான் பேரு போச்சேன்னு அவ அழறதைக்கூடப் பார்க்கலாம் மச்சான், அண்ணன் போயிட்டாரேன்னு அழுதா நான் எப்படி தாங்குவேன்? எழுந்திருங்க" என்று கதறினார்.

ஒரு மருத்துவர் கூட்டத்திலிருந்து ஓடிவந்து மச்சானின் கழுத்தில் விரல் வைத்தார். மார்பில் காது வைத்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து, இல்லை என்று தலையசைத்தார்.

கூடமே எழுந்து நின்றது. கேமராவை யாரும் அணைக்கவில்லை.

திரையில் ராணியின் உதடுகளைச் சுற்றிப் பனி படிந்தது. விலகியது. அவசரமே இல்லாமல் மறுபடியும் படிந்தது.