பாபின் கேஸ் போன வழி

“கப்பலுக்குக் கேப்டன் வேண்டாமாக்கா?” என்று உருண்டை கேட்டதும் மிளகு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

உருண்டை அவளுடைய தம்பி. மழை விட்டதும் தெரு ஓரமாக ஓடிய தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறான். அதில் கேப்டனாக அவன் ஏற்றி அனுப்பியது அம்மாவின் பாபின் கேஸ். தையல் மெஷினுக்கு அடியில், நூல் சுற்றிய பாபினைப் பிடித்துக்கொள்ளும் குட்டி இரும்புக் கிண்ணம் அது. அது இல்லாமல் மெஷின் ஒரு தையல்கூடப் போடாது.

“அதை ஏன்டா எடுத்தே?”

“அம்மா எண்ணெய் போடக் கழட்டி வெச்சிருந்தாங்க. பளபளன்னு இருந்துச்சு.”

உள்ளே அம்மா வீட்டையே தலைகீழாக்கிக் கொண்டிருந்தார். “இங்கதானே வெச்சேன்! அதுக்குக் கால் முளைச்சிடுச்சா?”

மேசை மேல் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவின் புது வெள்ளைச் சட்டை கிடந்தது. ஒரு கைதான் தைத்திருந்தது. நாளைக் காலையில் அவர் முதல் நாள் வேலைக்குப் போகிறார். இன்று விடுமுறை என்பதால் கடைகளெல்லாம் பூட்டியிருந்தன. புதிதாக ஒன்று வாங்கவும் வழியில்லை.

“ஒரு கை சட்டையோட எப்படி ஊசி போடுவாங்க?” உருண்டையின் உதடு பிதுங்கியது.

“அப்புறம் அழலாம். கப்பல் எங்கே கவிழ்ந்துச்சு?”

“தெரியலைக்கா. தெருக்கோடியில காலியா நின்னுச்சு.”

இருவரும் ஓடினார்கள். தெருக்கோடியில் சாக்கடையின் கம்பி மூடி மேல் கப்பல் நைந்து கிடந்தது. உருண்டை மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தான். இலை, காகிதம், ஒரு பஞ்சுத் துணுக்கு. வேறு ஒன்றுமில்லை.

கம்பிக்குள் விழுந்திருந்தால்? மிளகு குனிந்து கம்பி இடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

ஆனால் ஏதோ உறுத்தியது. இங்கே ஒரு கல்கூட இல்லையே! அவள் தண்ணீர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் மேலே வழவழவென்று சேறு. அதற்கும் மேலே, தெரு வளையும் இடத்தில் மணல் மேடு.

“லேசா இருக்கிறதை மட்டும்தான் தண்ணி இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கு,” என்றாள். “கனமானதை வழியிலேயே இறக்கி விட்டுடுச்சு. கேப்டன் கனமான ஆளு!”

வீட்டுக்கு ஓடி, நூல் சுற்றிய இரும்புப் பாபின் ஒன்றை எடுத்து வந்தாள். இதுவும் தொலைந்தால் அம்மா முகத்தில் விழிக்கவே முடியாது. நூல் நுனியை விரலில் இறுகச் சுற்றிக்கொண்டு பாபினை, கப்பல் கிளம்பிய அதே வாசல் தண்ணீரில் விட்டாள்.

அது உருண்டது. நூல் பிரிந்துகொண்டே போனது. தெரு வளையும் இடத்தில், உள்பக்கமாகத் தண்ணீர் சோம்பலாக நகர்ந்தது. பாபின் அங்கே போய்த் தயங்கி, மணல் மேட்டின் ஓரத்தில் நின்றுவிட்டது.

அதே மேட்டில் ஒரு மண்வெட்டி வந்து இறங்கியது! துப்புரவுப் பணியாளர் மணலை அள்ளி வண்டியில் போடத் தொடங்கியிருந்தார்.

“அண்ணே! நிறுத்துங்கண்ணே!”

“என்னம்மா, மணலுக்குக்கூடக் காவல் போட்டிருக்காங்களா?”

மிளகு மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். அவர் வானத்தைப் பார்த்தார். “மழை திரும்ப வருது. அதுக்குள்ள நான் அள்ளலைன்னா எல்லாம் சாக்கடைக்குள்ள போயிடும். சட்டுனு தேடு.”

வண்டியில் விழுந்த மணலை அவரே கிளறிப் பார்த்தார். இல்லை. மேட்டை உருண்டை இரண்டு கையாலும் துழாவினான். இல்லை. ஒரு மழைத்துளி மிளகின் மூக்கில் விழுந்தது. அவளுக்கும் இப்போது அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மேட்டில் மண்வெட்டி வெட்டிய பக்கத்தைப் பார்த்தாள். மேலே பொடி மணல். அடியில் பருமனான கூழாங்கற்கள்.

“தண்ணி வேகமா ஓடினப்போ கல்லை இறக்கியிருக்கு. வேகம் குறைஞ்சதும் மேல மணலைக் கொட்டியிருக்கு. தண்ணி வேகமா ஓடினப்பதானே கப்பல் போச்சு? அடியில தோண்டுடா!”

விரல்கள் கற்களில் உரசி எரிந்தன. கல், கல், இன்னொரு கல். அப்புறம் வழுவழுப்பாக, வட்டமாக ஒன்று.

உருண்டை போட்ட கூச்சலில் இரண்டு வீட்டு ஜன்னல் திறந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவை முந்திக்கொண்டு அவன் சொன்னான். “நான்தாம்மா எடுத்தேன். அக்கா கண்டுபிடிச்சா.”

அம்மா அவனை முறைத்தார். பிறகு அதைக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு மெஷினில் மாட்டினார். மிளகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒரு மணல் துகள் சிக்கியிருந்தாலும் போச்சு!

ஊசி இறங்கியது. ஏறியது. துணியில் ஒரு தையல் விழுந்தது, அப்புறம் வரிசையாக நிறைய.

அம்மா தலை நிமிராமலே சொன்னார். “ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு வாங்க. ஒருத்தர் பட்டன் எடுத்துக் கொடுங்க, ஒருத்தர் நூல் கோத்துக் கொடுங்க.”

அது தண்டனையா, பரிசா என்று இருவருக்கும் புரியவில்லை. ஆனாலும் யார் முதலில் கை கழுவுவது என்று குழாயடியில் பெரிய தள்ளுமுள்ளு நடந்தது.